கிந்தா ஈய நிலமும் புக்கிட் மேராவும்: அகழ்வுத் தொழிலின் சூழலியல் விலை

முன்னுரை

மண்ணைத் தோண்டிக் கனிமம் எடுக்கும் தொழிலுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. முதலாவது விற்பனைக் கணக்கு. அது ஆண்டுதோறும் நிறுவன ஏட்டில் முடிக்கப்படுகிறது. இரண்டாவது கழிவுக் கணக்கு; அது எவர் ஏட்டிலும் எளிதில் ஏறுவதில்லை. கனடாவின் அல்பர்ட்டா மாநிலத் தார்மணல் வயல்கள் இதற்கு இன்று அறியப்பட்ட சான்றாகும். அங்கு ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டு டன் மணல் தோண்டப்படுகிறது. எண்ணெய் பிரிந்தபின் எஞ்சும் கழிவுநீர் பெருங்குட்டைகளில் தேக்கப்படுகிறது. அத்தகைய குட்டை ஒன்றில் 2008ஆம் ஆண்டு 1,600க்கும் மேற்பட்ட வாத்துகள் மடிந்தன. நிறைய மணலிலிருந்து சிறிதளவு பொருளைப் பிரித்துக் கழிவை நிலத்திலேயே விட்டுச்செல்லும் இம்முறை பேரா மாநிலத்திற்குப் புதிதன்று. கிந்தா பள்ளத்தாக்கில் அக்கழிவுக் கணக்கு யார் தலையில் விடிந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈயம் எடுத்த முறை

மலேசியத் தமிழர் ஈயம் என வழங்குவது வெள்ளீயத்தையே. 1880களிலிருந்து கிந்தாவில் பெருகிய இத்தொழிலே ஈப்போவை நகராக்கியது. பீற்றுக்குழாய் நீரால் கரையை உடைத்து, சேறாகும் மண்ணை எக்கியின் மூலம் மேலேற்றிச் சாய்வான மர ஓடையில் ஓடவிடுவது ஒரு முறை. அவ்வோடை ‘பாலோங்’ எனப்படும். கனமான ஈயமணல் அதில் தங்க, இலேசான மணலும் சேறும் வெளியேறும். மற்றொரு முறை, குட்டையில் மிதந்தவாறே மண்ணை வாரும் ஈயக் கப்பலாகும். தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் காணத்தக்க கப்பல் 1938இல் கட்டப்பட்டு, 1982 வரை இயங்கியது.

இருமுறைகளிலும் மேல்மண் அழிந்தது. எஞ்சிய மணல் நீரையும் உரச்சத்தையும் பிடித்து வைப்பதில்லை. சேறு ஆறுகளில் படிந்து அவற்றின் படுகையை உயர்த்தியது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் விலைத்தாங்கல் முறிந்து விலை சரிந்தபோது சுரங்கங்கள் மூடப்பட்டன. குட்டைகளும் மணல்வெளிகளும் அப்படியே நின்றன.

கழிவுக்குள் மற்றொரு கனிமம்

ஈயமணலைத் தூய்மையாக்கியபின் எஞ்சுவது ‘அமாங்’ ஆகும். இதில் இல்மனைட், சிர்க்கான், செனோடைம், மோனசைட் முதலிய கனிமங்கள் உள்ளன. தமிழகத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் மோனசைட்டும் இதே கனிமமாகும். இதிலுள்ள அரிய மண் தனிமங்களுக்குச் சந்தை உண்டு. ஆனால் உடன் கலந்திருக்கும் தோரியம் கதிரியக்கம் உடையது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். ஆலை அரிய மண்ணைப் பிரித்தெடுக்கும்போது தோரியம் கழிவில் செறிகிறது.

புக்கிட் மேரா வழக்கு

ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில், ஜப்பானின் மிட்சுபிஷி குழும நிறுவனம் பங்கேற்ற ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. தோரியக் கழிவைப் பாப்பானில் புதைக்க முற்பட்டபோது அவ்வூரார் எதிர்த்தனர். 1985இல் புக்கிட் மேரா மக்கள் எண்மர் ஈப்போ உயர்நீதிமன்றத்தை நாடினர். அவ்வாண்டு அக்டோபரில் இடைக்காலத் தடை கிடைத்தது. எனினும், அணுசக்தி உரிம வாரியத்தின் உரிமத்துடன் 1987இல் ஆலை மீண்டும் இயங்கியது. ஊரில் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதாக ஊடகங்கள் பதிவு செய்தன. ஆலைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என நிறுவனம் மறுத்தது.

1992 ஜூலை 11இல் உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதனை மாற்றியது. நிறுவனத்தின் வல்லுநர் சான்றே ஏற்கத்தக்கது என்றும், மக்கள் வாரியத்திடமே முறையிட்டிருக்க வேண்டும் என்றும் கருதியது. தீங்கை மெய்ப்பிக்கும் சுமை, அளவிடும் கருவியோ ஆய்வுக்கூடமோ இல்லாத ஊராரைச் சேர்ந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. வழக்கில் வென்றும், 1994 ஜனவரியில் நிறுவனம் ஆலையை மூடுவதாக அறிவித்தது. தூய்மைப் பணிக்கு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவாகும் என 2011இல் செய்தி வெளியானது. கழிவு கிளேடாங் மலைத்தொடரில் கட்டப்பட்ட கிடங்கில் வைக்கப்பட்டுள்ளது. தமிழர் மிகுந்த புந்தோங்கிலிருந்து அம்மலை வெகுதொலைவில் இல்லை.

முடிவுரை

பேராத் தமிழர் வரலாற்றைப் பெரும்பாலும் ரப்பர்த் தோட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் குடியேறிய நகர்ப்புறத்தின் நிலவரலாற்றையும் அதனோடு சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். ஈயக்குட்டை மீன்பிடிக்கும் இடம் மட்டுமன்று. ஒரு தொழில் முடிக்காது விட்டுச்சென்ற கணக்கு என்பதை மாணவர் அறிதல் நலம்.

இதன் தேவை இன்று மிகுந்துள்ளது. ஹுலு பேராவின் கெனெரிங் பகுதியில், களிமண்ணில் வேதிக்கரைசல் செலுத்தி அரிய மண் பிரிக்கும் மாதிரித் திட்டம் அண்மைய ஆண்டுகளில் தொடங்கியுள்ளது. இம்முறை அமாங் முறையினின்று வேறுபட்டது. தோரியச் சிக்கல் இதில் குறைவு, நிலத்தடி நீர் பற்றிய கவலை மிகுதி. ஆயினும் கேட்கவேண்டிய கேள்விகள் அவையே: எஞ்சுவது எது? எத்தனை காலம் எஞ்சும்? அதனைக் காப்பதற்குரிய பணத்தை யார், எப்போது வைப்பது? புக்கிட் மேராவில் இவை ஆலை இயங்கியபின் எழுப்பப்பட்டன. உரிமம் வழங்குமுன்பே இவற்றுக்கு விடை பெறுதல் வேண்டும் என்பதே அவ்வூர் தரும் பாடமாகும்.