உப்புத்தாளின் பிடிப்பை அளப்பது எப்படி?

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்க்கான், மோனசைட் ஆகியவற்றோடு கார்னெட்டும் கலந்து கிடக்கிறது. அங்குள்ள மத்திய அரசின் அரிய மணல் ஆலையில் காந்தத்தின் வலுவைக் கூட்டிக் குறைத்து இவற்றைப் பிரிக்கிறார்கள். இல்மனைட் முதலில் ஒட்டும். கார்னெட்டை இழுக்க அதைவிட வலுவான காந்தம் வேண்டும். மோ அளவுகோலில் கார்னெட்டின் கடினம் 6.5 முதல் 7.5 வரை. உடைந்தாலும் புதுக் கூர்முனை காட்டும் என்பதால் உப்புத்தாளுக்கும், இரும்பில் துரு போக்கும் மணல்வீச்சுக்கும் இது ஏற்றது.

இத்தகைய தாள் எவ்வளவு பிடிக்கிறது என்பதை விரலால் தடவி மட்டும் முடிவு செய்யக் கூடாது. பள்ளி ஆய்வகத்திலேயே அளந்துவிடலாம்.

தேவையானவை: 50 செ.மீ. பலகை, வெவ்வேறு எண்ணுள்ள உப்புத்தாள்கள், அடிப்பக்கம் சமமாக இழைத்த தேக்குக் கட்டை, அளவுகோல், சுருள்வில் தராசு, கிராம் காட்டும் தராசு.

1. தாளையும் கட்டையையும் ஒரு நாள் முழுக்க ஒரே அறையில் வையுங்கள். இரு பருவமழையும் பெய்யும் மணவாளக்குறிச்சி போன்ற இடத்தில் இது முக்கியம். ஈரம் ஏறினால் அளவு மாறும்.

2. தாளைப் பலகையில் சுருக்கமில்லாமல் ஒட்டி, மேல்முனையில் கட்டையை வையுங்கள். மர ரேகை எப்போதும் ஒரே திசையில் இருக்கட்டும்.

3. அந்த முனையை மெல்ல உயர்த்துங்கள். கட்டை முதலில் நழுவும் கணத்தில் நிறுத்தி, உயரத்தையும் கிடைத்தள நீளத்தையும் அளங்கள். உயரம் 30, கிடைநீளம் 40 என்றால் 30 ÷ 40 = 0.75. இதுவே நிலை உராய்வுக் குணகம். தாளின் புதிய இடங்களில் ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள்.

4. பலகையைக் கிடையாக்கி, கட்டையைச் சுருள்வில் தராசால் தாளுக்கு இணையாக, ஒரே வேகத்தில் இழுங்கள். 200 கிராம் கட்டை நகரும்போது தராசு 130 காட்டினால் இயக்க உராய்வுக் குணகம் 0.65.

5. கட்டைமேல் எடை ஏற்றி மீண்டும் அளங்கள். பாடநூல் விதிப்படி குணகம் மாறக் கூடாது. ஆனால் தாளிலுள்ள மணல்மணிகள் மரத்தைக் கீறி உள்ளே இறங்குவதால் இங்கே மாறலாம். அந்த மாற்றத்தைத் தவறாமல் குறித்துவையுங்கள்.

6. கட்டையை எடைபோட்டு, ஒரே பாரத்தில் 50 முறை தேய்த்து, மறுபடி எடைபோடுங்கள். குறைந்த எடைதான் தாள் அரித்த மரம். பிறகு மூன்றாம் படியைத் திரும்பச் செய்யுங்கள்.

ஆறாம் படியை விட்டால் சோதனை பாதிதான். மரத்தூள் அடைத்த தாள் கட்டையை நன்றாகப் பிடித்துக்கொண்டே இருக்கலாம். மரத்தை மட்டும் அரிக்காது. பிடிப்பு வேறு, அரிப்பு வேறு. தாள் எண், மரம், பாரம், தேய்த்த எண்ணிக்கை ஆகியவற்றோடு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் எந்தத் தாள் எந்த வேலைக்கு உதவும் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.