விஞ்ஞானப் பட்டத்துக்கு எந்தப் பல்கலைக் கழகம்?

பள்ளி இறுதித் தேர்வு முடிந்தபின், விஞ்ஞானத்தில் பற்றுள்ள மாணவர் சிலருக்கு இரண்டு இடங்களிலிருந்து அனுமதி கிடைத்து விடுகிறது. ஒன்று சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஒரு கல்லூரி. மற்றொன்று சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக் கழகம். எதை ஏற்பது? வீட்டில் பெரியவர்கள் கூடி, "இரண்டில் எதற்குப் பெயர் அதிகம்?" என்று ஆராய்வார்கள். கேள்வி இயல்பானதுதான்; ஆனால் பௌதிகமோ ரசாயனமோ பயிலப் போகும் மாணவருக்கு அது முதற் கேள்வி அன்று. பல்கலைக் கழகம் என்னும் ஒரே சொல்லால் நாம் வழங்கும் இவ்விரண்டும் பிறப்பிலேயே வெவ்வேறு இனத்தைச் சேர்ந்தவை. பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் பல சமயங்களில் தாம் வாங்குவது எது என்று அறியாமலே விலை பேசுகிறார்.

சென்னைப் பல்கலைக் கழகம் 1857-ஆம் ஆண்டில், கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக் கழகங்களோடு ஒரே ஆண்டில் பிறந்தது. அன்றைய லண்டன் பல்கலைக் கழகமே அதற்கு முன்மாதிரி. வகுப்பு நடத்துவதற்காக அது ஏற்பட்டதன்று. பாடத் திட்டம் வகுத்து, பரீட்சை நடத்தி, தேறியவர்களுக்குப் பட்டம் அளிப்பதே அதன் பணி. கற்பிக்கும் பொறுப்பு கல்லூரிகளுடையதாயிற்று. பின்னர் அது தனக்கென ஆராய்ச்சித் துறைகளை நிறுவிக் கொண்டது உண்மையே. எனினும் பட்டப் படிப்பு மாணவர் பயில்வது பெரும்பாலும் இணைப்புக் கல்லூரியிலேதான்.

அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் எழுந்தது. கற்பித்தல், பரீட்சை, விடுதி வாழ்வு எல்லாம் ஒரே வளாகத்துக்குள் அமைய வேண்டும் என்பது அதன் அமைப்பு. 2013-இல் அது சட்டத்தின் வழியே தமிழக அரசின் பொறுப்பில் வந்தது. 2021-இல் செய்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சுற்று வட்டாரக் கல்லூரிகளும் அதனோடு இணைக்கப்பட்டன. ஆகவே இன்று அண்ணாமலை என்ற பெயரைக் கண்டவுடன், இடம் கிடைத்திருப்பது சிதம்பரம் வளாகத்திலா, அல்லது இணைப்புக் கல்லூரி ஒன்றிலா என்று கவனித்துப் பார்ப்பது அவசியம். இரண்டும் ஒன்றல்ல.

இந்த வேற்றுமை ஏன் பெரிது? ஓர் உதாரணம் கூறுகிறேன். 1952-இல் ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்தார். தோலிலும் தசை நாணிலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரதத்துக்கு மூன்று இழைகள் முறுக்கிய வடிவம் உண்டு என்பதை அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில் வெளியிட்டார்கள். 1963-இல் வெளிவந்த 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்றும் உலகெங்கும் புரத ஆராய்ச்சியாளர் அன்றாடம் கையாளும் கருவி. சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு இது அழியாப் புகழ். ஆனால் அதே ஆண்டுகளில் தொலைவிலிருந்த ஓர் இணைப்புக் கல்லூரியில் பி.எஸ்ஸி. பயின்ற மாணவருக்கும் அந்த ஆராய்ச்சிக்கும் இருந்த உறவு யாது? பட்டச் சான்றிதழின் தலைப்பில் இருந்த பெயர் ஒன்றுதான். அவருடைய மூன்றாண்டுகளை ஆக்கியதும் அழித்ததும் அவர் கல்லூரியின் ஆசிரியரும் சோதனைச் சாலையுமே.

அப்படியானால் கல்லூரி எவ்வளவு செய்ய முடியும்? இதற்குச் சென்னை மாநிலக் கல்லூரியே சான்று. சி. வி. ராமன் அங்கே மாணவராக இருந்தபோது, முப்பட்டகத்தின் கோணத்தை நிறமாலைமானியால் அளக்கும் சாதாரணப் பயிற்சியைச் செய்து கொண்டிருந்தார். எல்லா மாணவரும் செய்யும் பயிற்சிதான் அது. அதில் ஒளிப் பட்டைகள் ஒழுங்கற்று விழுவதைக் கண்டு, விடாமல் ஆராய்ந்து, 1906-இல் லண்டனிலிருந்து வெளிவந்த 'பிலசாபிகல் மாகசின்' என்னும் பத்திரிகையில் கட்டுரை வெளியிட்டார். அப்போது வயது பதினெட்டு. மேதையின் கண் அது என்பதை மறுப்பாரில்லை. ஆனால் அந்தக் கண்ணுக்கு முன்னே ஒரு நல்ல கருவியும், அதைக் குறித்த நேரத்துக்கு மேலும் தொட்டுப் பார்க்கும் உரிமையும் இருந்தன. பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் நிறமாலைமானி எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் மாணவருக்கு அது படத்தில் கண்ட பழம்.

நகரம் தரும் வாய்ப்பு இன்னொன்று. 1928-இல் ஜெர்மானியப் பேரறிஞர் ஸோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த எஸ். சந்திரசேகர் அவருடைய நூலை ஏற்கெனவே படித்து முடித்தவர். நேரே சென்று சந்தித்தார். நீ படித்த பௌதிகம் பழையதாகிவிட்டது, புதிய குவாண்டம் கொள்கை வந்துவிட்டது என்பதை அந்த ஒரு சந்திப்பில் அறிந்து கொண்டார். அடுத்த ஆண்டே அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி வெளியீட்டில் வந்தது.

இவற்றைக் கேட்டு, சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எண் கணிதத்தில் வாரிங் புதிர் என்று ஒன்று உண்டு. ஒவ்வோர் எண்ணையும் இத்தனை வர்க்கங்களின், இத்தனை கனங்களின் கூட்டாக எழுத முடியுமா என்பது அதன் சாரம். அதில் உலகம் வியந்த முடிவுகளை எஸ். எஸ். பிள்ளை கண்டது 1930-களின் நடுவில், சிதம்பரத்தில்தான். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராக இருந்தார் அவர். ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழும் இடத்தில், இப்படி ஒருவரை வகுப்பிலே மட்டுமன்றி மாலையில் நடைபாதையிலும் நிறுத்திக் கேள்வி கேட்க முடியும். இதற்கு விலை ஏது?

ஆனால் இது தானாக நிகழ்வதன்று. பெரிய ஆராய்ச்சியாளர் வளாகத்தில் இருக்கலாம். முதலாண்டு வகுப்புக்கு அவர் வராமலே இருக்கலாம். ஆகையால் சிதம்பரத்தில் கேட்க வேண்டிய கேள்வி, "உங்கள் பேராசிரியர் யார்?" என்பதன்று, "முதலாண்டுக்குப் பாடம் நடத்துபவர் யார்?" என்பதே.

சென்னைப் பக்கத்தில் வேறொரு நுட்பம் உண்டு. 1978 முதல் லயோலா, கிறிஸ்தவக் கல்லூரி முதலிய சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. அவை பாடத் திட்டத்தையும் பரீட்சையையும் தாமே வகுத்துக் கொள்ளும். பட்டத்தை மட்டும் பல்கலைக் கழகம் வழங்கும். நல்ல ஆசிரியர் கையில் இந்த உரிமை புதுப் பாடங்களைக் கொண்டு வரும். சோம்பல் உள்ள இடத்தில் வினாத்தாளை எளிதாக்கிவிடும். எது நடந்திருக்கிறது என்பதை அறிய ஒரு வழி உண்டு. இரண்டு இடங்களின் மூன்றாம் ஆண்டுப் பழைய வினாத்தாள்களை மூத்த மாணவரிடம் கேட்டு வாங்குங்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர்வதற்கு 2004 முதல் நடந்து வரும் 'ஜாம்' தேர்வின் வினாத்தாளை அவற்றின் அருகே வையுங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் வினாக்கள் எவை, கணக்கிட்டு விடை காண வேண்டியவை எவை என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் துணையோடு பார்த்தால் அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். அந்த நுழைவுத் தேர்வு எவருடைய பல்கலைக் கழகப் பெயரையும் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை.

பெற்றோர் தொலைவைக் கணக்கிடுகிறார்கள். நேரத்தைக் கணக்கிடுவது குறைவு. அரக்கோணத்திலிருந்து சென்னைக்குச் சுமார் 70 கிலோமீட்டர். தினமும் ரெயிலில் போய் வரும் மாணவர் நான்கு மணிக்கே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார். அரைகுறையாக நின்ற சோதனை மறுநாளும் அரைகுறையாகவே நிற்கும். மாணவியருக்கு இது இன்னும் கடுமை. பெண்ணை வீட்டிலிருந்தே அனுப்புவது பாதுகாப்பு என்று எண்ணி, சோதனைச் சாலையில் அவளுக்குக் கிடைக்கும் நேரத்தைப் பாதியாக்கிவிடுகிறோம். வளாகத்துக்குள் விடுதி இருந்தால் செலவு கூடும். ஆனால் அந்த மாலை நேரம் மிஞ்சும். செலவு தாங்காத குடும்பம், அருகிலுள்ள கல்லூரியிலேயே மாலை வரை சாலை திறந்திருக்குமா என்று கேட்டு முடிவு செய்யலாம்.

சிதம்பரத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நேரே சேரும் ஐந்தாண்டு எம்.எஸ்ஸி. படிப்புகளும் உண்டு. மூன்றாண்டில் விலகினால் பி.எஸ்ஸி. பட்டம் கிடைக்குமா என்பதை எழுத்து மூலம் உறுதி செய்து கொண்டபின் கையெழுத்திடுங்கள்.

கடைசியாக ஒன்று. அனுமதி நடக்கும் கோடை மாதங்களில் சோதனைச் சாலைகள் பூட்டிக் கிடக்கும். அலுவலகத்தில் வழவழப்பான புத்தகம் ஒன்றைக் கொடுத்து அனுப்பி விடுவார்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து, கல்லூரிகள் நடக்கும் ஜனவரி மாதத்தில் ஒரு நாள் இரண்டு ஊருக்கும் போய் வாருங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு பௌதிகச் சோதனைச் சாலையின் வாயிலில் நின்று, ஒரு கருவியைச் சுற்றி எத்தனை மாணவர் நிற்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் கை கருவியின்மேல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.