தங்கினால் புயல்

பாய்மரப் படகில் உலகைச் சுற்றுகிறவர்களுக்குத் துறைமுகத்தில் தங்க ஆசை இருக்கும். அவகாசம் இருக்காது. கடற்படை அதிகாரிகளான கோழிக்கோட்டு தில்னாவும் புதுச்சேரி ரூபாவும் 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து 'தாரிணி' படகில் கிளம்பினார்கள். இருவர் மட்டுமே; 25,000 கடல் மைலுக்கு மேற்பட்ட பயணம். வழியில் நிற்க நான்கே துறைமுகங்கள்.

நிற்காமலும் முடியாது: பழுது பார்க்க வேண்டும், உணவு ஏற்ற வேண்டும், உடம்பும் தேற வேண்டும். அதிகம் தங்கினாலோ ஆபத்து. தென் அமெரிக்க முனையான கேப் ஹார்னை அங்கே கோடை நிலவும்போதே தாண்டியாக வேண்டும். குளிர்காலம் நெருங்கினால் புயல் மிரட்டும்.

டிசம்பர் 22-ல் நியூசிலாந்தின் லிட்டல்டனை அடைந்தவர்கள் ஜனவரி 4-ல் மீண்டும் பாய் விரித்தார்கள். பிப்ரவரியில் முனையைக் கடந்தார்கள். 2025 மே 29-ல் கோவா திரும்பினார்கள். புறப்படும் நாளைக் குறித்தது பருவம்தான்.