ஒரே மையில ஒரு முகம்: பொகஹொண்டாஸை யார் செதுக்கினாங்க?

வெள்ளகோவில் வீட்டுல இருந்துதான் ரெக்கார்டிங். பின்னாடி தறிச் சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க.

டிஸ்னி படத்துல வர்ற பொகஹொண்டாஸ் நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா அவங்க உயிரோட இருந்தப்போ நேர்ல பார்த்து உருவாக்கின படம்னு மிஞ்சியிருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். 1616, லண்டன். செப்புத் தகட்டுல அதைச் செதுக்கினவர் சீமோன் டெ பாஸ். கொலோன்ல பிறந்தவர், அப்பாவுக்கும் இதே தொழில். வயசும் ஏறக்குறைய அவங்க வயசுதான். பின்னால டென்மார்க் போய், அரசர் நாலாம் கிறிஸ்டியன்கிட்ட வேலை பார்த்தார். 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில கோட்டை கட்டினது அந்த அரசரோட ஆளுங்கதான்!

சரி, தொழிலுக்கு வருவோம். கூரான உளியால தகட்டுல கோடு கோடா கீறணும். மையைத் தடவித் துடைச்சா, பள்ளத்துல மட்டும் மை நிக்கும். ஈரத் தாளை மேல வச்சு உருளைக்கு நடுவுல விட்டா படம் வந்துடும். அச்சுல இடது வலதா மாறிடும்கறதால, எழுத்தைக்கூடக் கண்ணாடியில தெரியுற மாதிரி திருப்பித்தான் வெட்டணும். நம்ம கோடிங் மாதிரி சட்டுனு அண்டூ பண்ண முடியாது.

மை ஒண்ணுதான்னா நிழல் எப்படி வரும்? கோடு நெருங்கினா இருட்டு, விலகினா வெளிச்சம். திருப்பூர்ல ஒரே கலர்ல டீசர்ட்டுக்கு போட்டோ பிரிண்ட் போடுறப்போ புள்ளியைச் சிறுசு பெருசாக்குவாங்கல்ல, அந்த லாஜிக்தான்.

அவங்களை இங்கிலாந்துக்குக் கூட்டிட்டுப் போனது வர்ஜீனியா கம்பெனி. குடியேற்றத்துக்குப் பணம் திரட்டணும், அதுக்கு ஒரு விளம்பரம் வேணும். அதனாலதான் உயரத் தொப்பி, லேஸ் காலர், கையில இறகு விசிறி. படத்துல ‘பொகஹொண்டாஸ்’னு பேரே இல்லை, அது செல்லப் பேர்தான். மட்டோகான்ற சொந்தப் பேரும், ரெபெக்கான்ற ஞானஸ்நானப் பேரும், வயசு 21-ன்னும் இருக்கு. ஆனா முகத்துல டெ பாஸ் விளம்பரம் பண்ணலைன்னுதான் எனக்குத் தோணுது. கன்ன எலும்பு எடுப்பா இருக்கு, கண்ணு நேரா நம்மளைப் பார்க்குது, சிரிப்பே இல்லை.

1617 மார்ச்ல, ஊருக்குக் கிளம்பின வழியில, கிரேவ்செண்ட்ல இறந்துட்டாங்க.

பின்னால யாரோ இதைப் பார்த்து எண்ணெய் ஓவியம் வரைஞ்சாங்க. அது இப்போ வாஷிங்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்துல இருக்கு. அச்சுப் படத்துல தோலுக்கு நிறமே கிடையாது, வெறும் தாள்தானே? ஓவியருக்கு ஏதாவது ஒரு நிறத்தை முடிவு பண்ணியாகணும். அவர் தோலையும் வெளுப்பாக்கி, முடியையும் வெளிறினதா ஆக்கிட்டார். ரெண்டு படமும் நெட்ல கிடைக்கும், பக்கத்துல பக்கத்துல வச்சு, கன்னத்துல ஜூம் பண்ணிப் பாருங்க.