முதல் வீடும் நம் கடைகளும்

இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியது முதல் நம் வட்டாரக் கடைகளுக்கு ஒரு புதுவகை வாடிக்கையாளர் வந்தபடி இருக்கிறார். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கழுத்தில் அடையாள அட்டையோடு கடைக்குள் நுழைபவர். சொந்த ஊர் திருநெல்வேலியாக இருக்கலாம், விழுப்புரமாக இருக்கலாம், ஒடிசாவாகவும் இருக்கலாம். நண்பர்களோடு ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவருக்கு இப்போது திருமணம் ஆகியிருக்கிறது. ஒரகடத்திலோ படப்பையிலோ சிறிய வாடகை வீடு பிடித்துவிட்டார். கடையில் அவர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "அண்ணே, புது வீடு. என்னென்ன வேணுமோ நீங்களே பார்த்துக் குடுங்க."

இதைக் கேட்டதும் நமக்கு உற்சாகம் பிறப்பது இயல்பு. சோபா செட், டீப்பாய், பூப்போட்ட திரை, சுவரில் ஒட்டும் மயில் படம் என்று தேங்கிக் கிடக்கும் சரக்கையெல்லாம் எடுத்துப் போடுகிறோம். நாமும் அப்படிச் செய்தவர்கள்தாம். மாடி வீட்டுக்குக் குடிவந்த ஒரு தம்பதிக்கு மூன்று பேர் உட்காரும் கனமான சோபாவைத் தவணையில் கொடுத்தோம். படிக்கட்டின் அகலத்தைக் கேட்கத் தோன்றவில்லை. காலைக் கழற்றி, கயிறு கட்டி, பால்கனி வழியாக ஏற்றினார்கள். அந்தச் சோபா முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டது. அவர்களோ தரையில் உட்கார்ந்தே சாப்பிட்டார்கள். தவணை முடிவதற்குள் அதைப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அதன்பின் அவர்கள் நம் கடைப் பக்கம் வரவே இல்லை. அந்த ஒரு விற்பனையில் கிடைத்த லாபம் என்ன, போனது என்ன என்று நாமே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

தனக்கு எந்த மாதிரி வீடு பிடிக்கும் என்பது முதல் நாளில் யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்கான குறிப்பு அவர்கள் ஊரிலிருந்து கொண்டு வந்த மூட்டையிலேயே இருக்கிறது. "ஊர்லேர்ந்து என்னம்மா கொண்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தமடைப் பாய் என்பார்கள், பவானி ஜமுக்காளம் என்பார்கள், சீராக வந்த குத்துவிளக்கு என்பார்கள். ஜமுக்காளத்தின் பட்டைகளில் உள்ள ஒரு நிறத்தை எடுத்து, அதே நிறத்தில் பூ இல்லாத திரைத்துணியைக் காட்டினால் அந்த அறைக்கு ஓர் அமைப்பு வந்துவிடும். பித்தளைச் செம்பை வெட்கப்பட்டு அடுப்படியில் ஒளித்து வைப்பவர்களும் உண்டு. 1958ல் இந்திய அரசுக்கு அறிக்கை கொடுத்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர், இந்நாட்டில் பார்த்த பொருள்களிலேயே அழகானதாகப் புகழ்ந்தது இந்தச் செம்பைத்தான். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1961ல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாயிற்று. இதை வாடிக்கையாளரிடம் சொன்னால் அவருக்கும் பெருமை. செம்பு வைக்க ஒரு சிறிய அலமாரியும் விற்பனையாகும்!

அடுத்து ஷிப்டைக் கேட்க வேண்டும். நம் வட்டாரத்தில் இது மிக முக்கியம். இரவு ஷிப்ட் முடித்து வருபவர் பகல் முழுவதும் தூங்கியாக வேண்டும். அவருக்கு மெல்லிய வலைத்திரையைக் கொடுத்தால் ஒரே வாரத்தில் அதன்மேல் போர்வையைத் தொங்கவிடுவார். படுக்கையறைக்கு உள்துணி வைத்துத் தைத்த கெட்டியான திரை, முன்னறைக்கு வெளிச்சம் விடும் பருத்தித் திரை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். ஜன்னல் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு துணி இருந்தால்தான் மடிப்பு விழும் என்பதையும் அளவெடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

நிறத்தில்தான் அதிகத் தகராறு வருகிறது. நம் கடைகளில் எரிவது பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கு. வாடிக்கையாளர் வீட்டில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு இருந்தால், இங்கே நீலமாகத் தெரிந்த துணி அங்கே மங்கித் தெரியும். "வேற துணியை மாத்திக் குடுத்துட்டீங்க" என்று சண்டைக்கு வருவார். துணியை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் காட்டுங்கள். முடிந்தால் மாதிரித் துண்டு ஒன்றை ஓர் இரவு வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். போனில் ஆர்டர் எடுக்கும் கம்பெனிகளுக்கு இது எளிதல்ல.

மனை வாங்கிச் சொந்தமாகக் கட்டுபவர்களின் கதை வேறு. கிரகப்பிரவேச நாள் குறித்துவிட்ட அவசரத்தில், பூச்சு ஈரம் காயும் முன்பே பெயிண்ட் கேட்பார்கள். புதுப் பூச்சு காய நான்கு வாரமாவது வேண்டும், ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் கூடும் என்று சொல்லி, அதுவரை வெள்ளை பிரைமரோடு கூட நிறுத்தாமல் பொறுக்கச் சொல்வதே நல்லது. பிறகு பிடித்த நிறத்தைச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி பூசி, காலையும் இரவும் பார்த்து முடிவு செய்யட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நோக்கியா ஆலை 2006ல் இங்கு உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நிறுத்தியதை நாம் மறக்கவில்லை. வேலை போனால் தவணையும் நிற்கும். முதல் மாதம் பாய், மெத்தை, விளக்கு, திரை போதும். ஜன்னல் அளவையும் அறை அளவையும் நம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், தீபாவளி போனஸில் கட்டிலுக்கும் பொங்கலுக்கு அலமாரிக்கும் அவர்களே வருவார்கள். நான்கு மாதம் குடியிருந்தபின் கேட்பவருக்குத் தமக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே டிசைனில் கட்டுக் கட்டாகத் திரையை அனுப்பினால், நாங்களும் அதையே எல்லார் வீட்டுக்கும் தள்ள வேண்டியிருக்கிறது. பூ இல்லாத நிறங்கள் கலந்த சிறு கட்டுகளாகக் கொடுங்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. இன்று ஒரு பெட்ஷீட்டும் கைக்கண்ணாடியும் வாங்க வரும் அந்தப் பெண்களில் பலர், சில வருடங்களில் முதல் வீட்டுக்கான ஜன்னல் அளவோடு வருவார்கள்.