கையெழுத்திடும் முன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவி)

'மருத்துவ இயலாமை ஓய்வு' என்னும் சொற்றொடரை நான் முதன்முதலில் கேட்டது வகுப்பறையில் அன்று. எங்கள் வீட்டுத் திண்ணையில். 2025 பிப்ரவரியில் ஒரு மாலை, அப்பாவுடன் பணியாற்றும் மாமா ஒருவர் வெள்ளைத்தாள் ஒன்றுடன் வந்து அமர்ந்தார். தட்டச்சு செய்த நான்கே வரிகள். தமது வலது கால் அகற்றப்பட்டுவிட்டதால் பணியைத் தொடர இயலவில்லை, ஆகவே ஓய்வு அளித்துத் தம் மகளுக்குக் கருணை அடிப்படையில் வேலை வழங்க வேண்டும் என்று அப்பாவே கேட்டுக்கொள்வது போல எழுதியிருந்தது. அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

என் தந்தையார் ஓர் அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டுநர். 2001-இல் பணியில் சேர்ந்தவர். சர்க்கரை நோய் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும் என்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை. செருப்பைத் துளைத்து ஏறிய ஆணி அவருக்குத் தெரியவேயில்லை. தெரிந்தபோது புண் புரையோடிவிட்டது. 2024 நவம்பரில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்த கால்.

தாளைக் கொண்டுவந்த மாமா கெட்டவர் அல்லர். "அண்ணே, பாப்பாவுக்கு வேலை கிடைச்சிரும். உங்களுக்கும் பென்ஷன் வரும். கெட்டதுலயும் ஒரு நல்லது" என்று மனமாரத்தான் சொன்னார். பணியின்போது உடல்நலம் இழந்து ஓய்வு பெறுபவரின் வாரிசுக்கு வேலை கேட்க அப்படி ஒரு வழி இருப்பதும் உண்மைதான். எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. எங்கள் வகையறாவிலேயே கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். முதலாண்டுப் படிப்பு முடிவதற்குள் நின்றுவிடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் நடுக்கம். அப்பாவோ பேனாவை எடுத்துவிட்டார். "வண்டி ஓட்டாத டிரைவருக்கு எதுக்கும்மா சம்பளம்?" என்றார்.

"இன்னைக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. ரெண்டு நாள் போகட்டும்" என்று அம்மா தடுத்துவிட்டார். நாள் கோள் பார்ப்பதைப் பற்றி அம்மாவிடம் அடிக்கடி வாதாடும் நான், அந்த அஷ்டமிக்கு மட்டும் இன்றளவும் கடன்பட்டிருக்கிறேன். ஏனெனில் மறுநாள்தான் எங்கள் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் நடைபெற்றது. பேச வந்திருந்த வழக்கறிஞர் அம்மையாரிடம் கூட்டம் முடிந்ததும் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஓய்வு வேண்டும் என்று நினைத்தது உங்கள் அப்பாவா, அந்தத் தாளை அடித்தவர்களா?"

அவர் சொல்லித் தொடங்கி, பின்னர் நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் கல்லூரியில் பலருடைய தந்தையரும் கடைநிலை ஊழியர்கள், ஓட்டுநர்கள், காவலர்கள் என்பதை நான் அறிவேன்.

ஊனமுற்றோருக்குச் சமவாய்ப்பு அளிக்கும் மத்தியச் சட்டம் 1995-இல் இயற்றப்பட்டு, 1996 பிப்ரவரி 7 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 47-ஆம் பிரிவு, பணியிலிருக்கும்போது ஊனமடைந்த ஊழியரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பதவியிலும் இறக்கக் கூடாது என்றது. அச்சட்டத்துக்குப் பதிலாக வந்ததே 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். இது 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் உள்ளது. பழைய சட்டம் ஏழு வகை ஊனங்களையே எண்ணியது. புதியது இருபத்தொன்றை எண்ணுகிறது. பழைய 47-ஆம் பிரிவின் பாதுகாப்பு, புதிய சட்டத்தில் 20-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவாக நிற்கிறது.

அது சொல்வது மிக எளிது. பழைய வேலையைச் செய்ய முடியாதவரை, அதே ஊதிய விகிதத்தோடும் பணிப் பயன்களோடும் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு வேலை காலியாக இல்லையென்றால்? அப்போதும் அனுப்பிவிட முடியாது. அவருக்கென்றே கணக்குக்கு மேற்பட்ட ஒரு பணியிடத்தை உண்டாக்கி, தகுந்த இடம் கிடைக்கும் வரையிலோ, ஓய்வு வயதை எட்டும் வரையிலோ, எது முந்தியோ அதுவரை அதில் வைத்திருக்க வேண்டும். 'இடமில்லை' என்ற பதிலுக்கே இடமில்லாமல் எழுதியிருக்கிறார்கள்! இதைப் படித்த அன்று எனக்கு இரவெல்லாம் உறக்கமில்லை.

"ஓய்வூதியம்தான் கொடுக்கிறோமே, பிறகென்ன?" என்று கேட்கலாம். உச்ச நீதிமன்றத்திலும் இக்கேள்வி எழுந்தது. மத்திய அரசின் எஸ்.எஸ்.பி. அமைப்பில் காவலராக இருந்த குணால் சிங், பணியின்போது ஏற்பட்ட காயத்தால் இடது காலை இழந்தார். அவரை இயலாமை ஓய்வில் அனுப்பிவிட்டார்கள். ஓய்வூதியம் பெற்றுவிட்டார் என்பதற்காகவே சட்டம் தரும் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று 2003-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் வேலைக்கு ஈடல்ல என்பதே இதன் பொருள்.

ஆனால் என் நெஞ்சைத் தொட்டது மற்றொரு வழக்கு. பகவான் தாஸ் என்பவர் பஞ்சாப் மின்சார வாரியத்தில் உதவிக் கம்பியாளர். 1994-இல் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். 1996-இல் அவரே கடிதம் கொடுத்தார்: எனக்கு ஓய்வு கொடுங்கள், என் மனைவிக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று. வாரியம் ஓய்வை மட்டும் கொடுத்தது. எங்கள் திண்ணைக்கு வந்த தாளும் அதே தாள்தான். மாநிலம் வேறு, மொழி வேறு, அவ்வளவே. 2008-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஓய்வு செல்லாது என்றது. கடைநிலை ஊழியரான அவர் தம் உரிமையை அறிந்திருக்கவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதை அவருக்கு எடுத்துரைப்பது மேலதிகாரிகளின் கடமை. அறியாமல் எழுதிக் கொடுத்த கடிதத்தை விருப்ப ஓய்வாகக் கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பயன்படாதவருக்கு ஏன் பணம் செலவிட வேண்டும் என்னும் பழைய மனப்பான்மையையும் நீதிபதிகள் கண்டித்தார்கள். அந்த மனப்பான்மை அதிகாரிகளிடம் மட்டுமா இருந்தது? பேனா பிடித்த என் அப்பாவிடமும் இருந்ததே!

நான் இயற்பியல் மாணவி. கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியுமா? தமிழக அரசின் பழைய ஓய்வூதிய முறையில் 30 ஆண்டு பணி முடித்தவருக்கே கடைசி ஊதியத்தில் பாதி முழுமையாகக் கிடைக்கும். பணி குறைந்தால் அந்த விகிதத்தில் குறையும். அடிப்படை ஊதியம் எளிமைக்காக ரூ.40,000 என்று கொள்வோம். பாதி ரூ.20,000. அப்பாவின் பணிக்காலம் 23 ஆண்டு. ஆகவே 30-இல் 23 பங்கு, ஏறத்தாழ ரூ.15,333. அவருக்கு வயது 51. 60 வரை ஒன்பது ஆண்டுகள் மீதம். அந்த ஒன்பது ஆண்டும் மாதம் 40,000 வாங்க வேண்டியவர் 15,333 வாங்குவார். அதன் பிறகும், முழு ஓய்வூதியம் என்பது அவருக்கு வாழ்நாளில் கிட்டாது. ஆண்டு ஊதிய உயர்வு, பணிக்கொடை இவற்றில் ஏற்படும் இழப்பு தனி. அகவிலைப்படியை நான் இதில் சேர்க்கவேயில்லை. இந்தக் கணக்கை ஒரு பழைய நோட்டில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எழுதிக் கேளு" என்றார்.

உண்மையாகவே எந்த வேலையும் செய்ய இயலாத நிலையில், தாமே விரும்பி இயலாமை ஓய்வூதியம் கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு அது தேவையானதே. பத்தாண்டு பணி முடிக்காதவர்களுக்கும் அதை அளிக்க மத்திய அரசு 2019 ஜனவரியில் தன் விதியைத் திருத்தியது. நான் குறை சொல்வது ஓய்வூதியத்தை அன்று. ஒரே கதவைத்தான் காட்டி இதுதான் வீடு என்பதை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 20(4) அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது. என் அம்மா ஒரு தனியார் நூற்பாலைக்குப் போகிறார். அங்கே அவர் கை இயந்திரத்தில் சிக்கினால் இந்தப் பிரிவு அந்த ஆலைக்குள் நுழையாது. இழப்பீட்டுக்கு வேறு சட்டங்கள் உண்டு. வேலையைக் காக்கும் இந்த உரிமை இல்லை. ஒரே வீட்டில் இரண்டு நியாயம்.

அப்பாவின் மனுவை நானே எழுதினேன். பிரிவின் எண், இரண்டு தீர்ப்புகளின் ஆண்டு, மாற்றுத்திறனாளி சான்றிதழின் நகல் ஆகியவற்றை இணைத்து, நகலில் ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொண்டோம். (முத்திரை வாங்காத மனு கொடுக்காத மனு என்பது வழக்கறிஞர் அம்மையார் கற்பித்த பாடம்.) ஏப்ரலில் ஊதியத்துடன் கூடிய விடுப்பு தீர்ந்தது. ஆறு மாதங்கள் அம்மாவின் கூலியில் ஐந்து உயிர்கள். மனு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்த ஆகஸ்டில், நிறக்குருடு என்று ஓய்வில் அனுப்பப்பட்ட தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவருக்கு, அதே ஊதியத்தில் வேறு பணி தருமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட செய்தி வெளிவந்தது. அதையும் இணைத்து நினைவூட்டுக் கடிதம் கொடுத்தோம்.

அக்டோபரில் ஆணை வந்தது. ஓட்டுநர் ஊதியத்திலேயே அலுவலகத் தபால் பிரிவில் பணி. முதல் நாள் செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு, ஓட்டுநருக்குரிய காக்கிச் சட்டையையே அணிந்து கிளம்பினார். வேறு சட்டை போடச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. தாளைக் கொண்டுவந்த அதே மாமாதான் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஊதியமில்லாமல் கழிந்த அந்த ஆறு மாதங்களைப் பணிக்காலமாகக் கருதி ஊதியம் வழங்கக் கோரி இந்த ஜனவரியில் இன்னொரு மனு கொடுத்திருக்கிறோம். அதைத் தபால் பதிவேட்டில் பதிந்து, எண் போட்டு, மேலே அனுப்பி வைத்தவர் அப்பாவேதான்.