ஆஸ்பத்திரிக்குள் 'மது பார்'! பாட்டிலில் கலர் தண்ணீர்!!

அது பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி. அதற்குள்ளே, மங்கலான விளக்கு வெளிச்சத்தில் ஒரு மது பார்! அலமாரி நிறைய பாட்டில்கள். பீர் பிடிக்கிற குழாய்கூட உண்டு.

ஆனால் பாட்டிலைத் திறந்தால் உள்ளே வெறும் கலர் தண்ணீர்தான்!

அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே பெத்தெஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிலையத்தின் ஆஸ்பத்திரியில் இந்த அறையை அமைத்தது டாக்டர் லொரென்ஸோ லெஜ்ஜியோவின் ஆராய்ச்சிக் குழு. 2015-ல் இந்தச் செய்தி பத்திரிகைகளில் அடிபட்டது.

குடிப்பழக்கம் உள்ளவர்களை அங்கே உட்கார வைப்பார்கள். பாட்டிலைக் கண்டதும் நாக்கில் நீர் ஊறும். 'ஒரு கிளாஸ் போட்டா தேவலை' என்று மனசு அடித்துக்கொள்ளும். கொடுத்த மாத்திரை அந்த ஆசையை அடக்குகிறதா என்று டாக்டர்கள் கணக்கெடுப்பார்கள். வாசனை காட்ட நிஜ சரக்கு! அதை மருந்துக் கிடங்கில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். (ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.)

ஈரல் கெட்டவர்கள்

லெஜ்ஜியோ இத்தாலிக்காரர். ரோம் நகர கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவர் பார்த்தது, குடித்துக் குடித்து ஈரல் சுருங்கிப் போனவர்களை.

இவர்கள் பாடு திண்டாட்டம். 'இனி தொட்டால் உயிருக்கு ஆபத்து' என்பார் டாக்டர். 'தெரியுது, விட முடியலையே' என்பார் நோயாளி. குடியை மறக்க வைக்கும் மாத்திரைகள் இருந்தன. ஆனால் அவற்றில் சில, ஈரலையே பதம் பார்க்கக்கூடியவை!

பேராசிரியர் அத்தொலொராட்டோவும் லெஜ்ஜியோவும் கையில் எடுத்தது பேக்ளோஃபென். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பழைய மருந்து. பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவே வெளியே போய்விடும். ஈரலுக்குத் தொல்லை குறைவு.

ஈரல் சுருங்கிய 84 பேர் வந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு டம்மி மாத்திரை. 12 வாரம் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட 42 பேரில் 30 பேர் குடியை விட்டார்கள். டம்மி சாப்பிட்ட 42 பேரில் 12 பேர்தான்! 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானது.

2018-ல் பிரான்ஸ் அரசாங்கம் குடி நோய்க்கு இந்த மருந்தை அனுமதித்தது. அதற்காக யாரும் தாமாக வாங்கி விழுங்கிவிடக் கூடாது. தூக்கம், கிறுகிறுப்பு வரும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஆபத்து.

'பசிக்குது, ஊத்து!'

அடுத்து லெஜ்ஜியோ திரும்பியது வயிற்றின் பக்கம். 1999-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கோஜிமா, கங்காவா குழுவினர் கண்டுபிடித்த ஹார்மோன் கிரெலின். வயிறு காலியானால் இது கூடும். மூளைக்குப் 'பசிக்குது' என்று தகவல் போகும். சாப்பிட்டால் அடங்கிவிடும்.

சோற்றைத் தேட வைக்கிற அதே சுரப்பு, பாட்டிலையும் தேட வைக்குமோ?

45 குடிகாரர்களை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2014-ல் வந்தது. ரத்தக் குழாயில் கிரெலினை அதிக அளவில் ஏற்றியவர்களுக்குக் குடி ஆசை எகிறியது! 2018-ல் வெளியான இன்னொரு சோதனையில், பட்டனை அழுத்தினால் நரம்பு வழியாக மது ஏறும். கிரெலின் ஏற்றியபோது, மதுவை அதிகமாகவே ஏற்றிக்கொண்டார்கள்.

அப்படியானால் கிரெலினைத் தடுத்தால்? அதுதான் அந்த 'பார்' மாத்திரை. முதலில் 12 பேரிடம் நடந்த சிறு சோதனையில் ஆசை குறைந்தது. கூடுதல் பேரை வைத்து நடந்த அடுத்த சோதனையிலோ ஏமாற்றம். குடி ஆசையில் மாற்றம் தெரியவில்லை.

நீர் மாத்திரை

ஈரல் நோயில் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குக் கொடுக்கும் மலிவான மாத்திரை ஸ்பைரனோலாக்டோன். அதைக் கொடுத்ததும் எலிகள் குறைவாகக் குடித்தன. வேறு நோய்களுக்காக அதைச் சாப்பிட்ட மனிதர்களின் ஆஸ்பத்திரி ரிக்கார்டுகளைப் புரட்டினார்கள். அவர்களும் குடியைக் குறைத்திருந்தார்கள்! 2022-ல் லெஜ்ஜியோ குழுவினர் இதை வெளியிட்டார்கள்.